பச்சைக் கண்ணாடியும் கிழட்டுச் சூரியனும்

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் யாரோ ஒரு செய்தியைத் தூக்கிப் போட்டிருந்தீர்கள். எங்கோ வெகு தொலைவில் நம் சூரியனைப் போலவே ஒரு நட்சத்திரமாம். நம்முடையதைவிட வயதானதாம். அதை மிக நெருக்கமாகச் சுற்றிவரும் கோள் ஒன்று இருக்கிறதாம். முதுமையில் அந்த நட்சத்திரம் ஊதிப் பெருக்கும்போது கோளை விழுங்கிவிடுமாம். அதற்குக் கீழே நீங்கள் அடித்திருந்த கிண்டலையெல்லாம் படித்தேன். "அப்ப நாளைக்கு மொத ஷிப்டு லீவா?" என்று ஒருவன். "நம்ம ஹெட்மாஸ்டர்கூட வயசாவ வயசாவ இப்டித்தான் ஊதிக்கினே போனாரு" என்று ஒருத்தி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கிவாரிப் போட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் கையில் போனை வைத்துக்கொண்டு நிற்பது உறைத்தது.

ஏனென்றால் இந்தக் கதையை நான் பதினோரு வயதிலேயே கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல் இன்னொருத்திக்குச் சொல்லியும் இருக்கிறேன். அப்படிச் சொன்னதில்தான் என் தங்கையின் கண்கள் போயின. உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்ப்பாளே, அவள்தான். பிறவிக் கோளாறு என்று நினைத்திருப்பீர்கள். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்தோம். இப்போது நமக்கெல்லாம் நாற்பது நெருங்கிவிட்டது. தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, மருந்துச் சீட்டைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோம். இனியும் இதை மூடி வைத்து என்ன சாதிக்கப் போகிறேன்?

சி ஷிப்டு வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்குப் புரிய வேண்டும். அப்பா இரவெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். குளித்து, நாலு இட்லி தின்று, ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். வாசல் கதவின் கொண்டியில் அம்மா ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். கம்பெனியில் கை துடைக்கக் கொடுக்கிற துணி அது. நம் தெருவில் அந்தத் துணி கட்டிய வீட்டை யாரும் தட்ட மாட்டார்கள். கீரைக்காரம்மா குரல் கொடுக்காமல் தாண்டிப் போவார். தபால்காரர் கடிதத்தை ஜன்னலில் செருகிவிட்டுப் பூனை மாதிரி நகர்ந்துவிடுவார். விசில் அடிக்கும் என்று குக்கர் பரணுக்குப் போய்விடும். அந்த வாரம் முழுக்க வடித்த சோறு.

எங்கள் அப்பாவுக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. லைனில் வருகிற கார் கதவுகளை வரிசையாக எரியும் டியூப் லைட்டுகளுக்குக் கீழே நின்று பார்த்து, பெயின்ட்டில் கீறல் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டார். ஒத்துவராததை 'ரிஜெக்ட்' என்று ஒதுக்குவார். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கடைக்காரர் கொடுக்கும் கத்திரிக்காயும் ரிஜெக்ட் ஆகும், மாமா தன் மகளுக்குப் பார்த்து வந்த மாப்பிள்ளையும் ரிஜெக்ட் ஆவார். அவர் கண்ணில் எங்களுக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் கோடை விடுமுறையில் அவருடைய மாற்று ஆள் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதனால் அப்பாவுக்கு விடாமல் சி ஷிப்டு. ஒரு வாரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். இரண்டு மாதம் எங்கள் வீடு பேசாமல் கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அப்பா வியர்த்து வழிந்து தூங்குவார். மின்விசிறி ஒன்றுதான் பேசிக்கொண்டிருக்கும். ஒன்பது மணி அடித்ததும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிடுவாள்.

"போங்கடி, வெளிய போயி வெளாடுங்க. அந்த மனுசன் தூங்குறாரு இல்ல?"

"வெயிலா கீதும்மா."

"வெயிலு இன்னா உன்னக் கடிக்குதா?"

கடித்தது. ஆனால் அது பிற்பாடுதான் தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டு, வெள்ளைக் கல் நட்டு, யாரும் வீடு கட்டாமல் விட்ட நிலம். ஒரு பக்கம் குடோனின் நீளமான மதில். அதன் ஓரம் யாரோ இறக்கிப் போட்ட சிமெண்டுக் குழாய்கள். அந்தக் குழாய்களுக்குள்தான் எங்கள் குடித்தனம். உள்ளே சுண்ணாம்பும் நாய் மூத்திரமும் கலந்த வாடை அடிக்கும். வெளியே தலை நீட்டினால் நெடுஞ்சாலை தெரியும். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீள லாரிகள் மெதுவாகத் திரும்பும். எந்தக் கார் அப்பா பார்த்த கார் என்று தங்கை கேட்பாள். எல்லாமே என்று சொல்லிவிடுவேன்.

பக்கத்து வீட்டு மாடியறையில் நாலு பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம். நாலு பேருக்கு இரண்டு பாய். ஷிப்டு மாறி மாறிப் படுப்பார்கள். அதில் ஒருவர் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்துவிட்டு வந்து, லைனில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை மாடி அண்ணன் என்று கூப்பிடுவோம். ஒரு சாயங்காலம் மாடியில் அவர் யூனிபாரம் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பூக்கட்ட வைத்திருந்த நூல்கண்டோடு நான் போய் உட்கார்ந்தேன். அறிவியல் புத்தகத்தில் இருக்கிற கோள்களை எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்டேன். அவர் கையை உதறிவிட்டு, பையிலிருந்து ஒரு நட்டை எடுத்தார். என்னிடம் ஒரு முழம் நூல் வாங்கி, ஒரு முனையில் நட்டையும் மறு முனையில் தன் ஆள்காட்டி விரலையும் கட்டினார்.

"இங்க பாருட்டி. என் வெரலுதான் நட்சத்திரம். நம்ம சூரியன் மாதிரிதான், ஆனா வயசாளி. இந்த நட்டு அதச் சுத்துத கெரகம். இப்பம் பாரு."

நட்டைச் சுழற்றிவிட்டார். சுற்றச் சுற்ற நூல் விரலில் சுற்றிக்கொண்டே வந்தது. நட்டின் வட்டம் சின்னதாகிக்கொண்டே போனது. வேகமும் கூடியது. கடைசியில் 'டக்' என்று நகத்தில் மோதி நின்றது.

"முடிஞ்சிபோச்சி. முழுங்கியாச்சி."

நான் நூல்கண்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். "நம்ம சூரியனும் இப்டி முழுங்குமாண்ணா?"

"முழுங்கும்லா. வயசானா அதுவும் ஊதிப் பெருத்து, செவந்து போவும். பக்கத்துல இருக்கத எல்லாம் வாரி வாயில போட்டுக்கிடும்."

"எப்போ?"

அவர் சிரித்தார். "ஏட்டி, அதுக்கு ஐநூறு கோடி வருசம் கெடக்கு. அதுக்குள்ள நீ கணக்குல பாஸாயிருவ. பயப்படாத."

பயம் போய்விட்டது. அந்த எண்ணைக் கேட்டதும் போய்விட்டது. அதுதான் முக்கியம். அதை மறக்காதீர்கள்.

இரண்டு நாள் கழித்து, குழாய்க்குப் பக்கத்தில் தங்கை காலில் முள் ஏறிவிட்டது. அவள் போட்ட கூச்சலில் அப்பா எழுந்துவிட்டார். தூக்கம் கலைந்த சிவந்த கண்ணோடு கைலியை இறுக்கிக்கொண்டு வந்தவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. என் கன்னத்தில் ஒன்று விட்டார்.

"பெரியவ தானே நீ? பாத்துக்க மாட்டியா?"

முள் குத்தியது அவளுக்கு, அறை எனக்கு. இது எந்த ஊர் நியாயம்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. மறுநாள் குழாய்க்குள் உட்காரவைத்து, ஏழு வயதுத் தங்கைக்கு அந்தக் கதையைச் சொன்னேன். நூலும் நட்டும் வைத்துச் சுழற்றிக் காட்டினேன். நட்டு என் விரலில் மோதியபோது அவள் உடம்பு குலுங்கியது. எனக்கு நன்றாக இருந்தது.

"நம்ம சூரியனா அக்கா? இது?" என்று மேலே கை காட்டினாள்.

"இதேதான்."

"எப்போ?"

எனக்கு எண் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அவளும் என்னைப் போலவே பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து ஓடியிருப்பாள்.

"எப்ப வேணா," என்றேன். "இன்னிக்கே கூட ஆவும்."

"அப்ப இன்னா பண்றது?"

"பெருசாவ ஆரம்பிச்ச ஒடனே ஓடணும். குன்றத்தூர் மலை மேல ஏறிக்கணும்."

குன்றத்தூர் மலை! ஒரு சின்னக் கோயில் குன்று. இப்போது நினைத்தால் என் மண்டையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் அதை நம்பினாள். ஒரு வார்த்தை விடாமல் நம்பினாள்.

அன்று சாயங்காலம் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, சூரியன எப்பிடிப்பா பாக்கறது? கண்ணு கூசுது."

அப்பாவுக்குப் பூரித்துப்போயிற்று. "பாத்தியா? இவ பெரிய சயின்டிஸ்டா வருவா பாரு," என்று அம்மாவிடம் சொன்னார். எதற்காகக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கம்பெனிக்குள் ஷெட் போடுகிற வேலைக்கு வந்திருந்த கான்டிராக்ட் வெல்டர்களிடம், முகமூடியில் போடும் கண்ணாடி ஒன்று கேட்டிருக்கிறார். அவர்கள் டீ குடிக்கப் போகிற அவசரத்தில், "பொட்டில கீது, எடுத்துக்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டியில் இரண்டு கண்ணாடித் துண்டுகள் இருந்தன. இரண்டும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. அப்பா தன் தொழில் புத்தியோடு இரண்டையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை இட்லி தின்றுகொண்டே அந்தச் சாமர்த்தியத்தை எங்களுக்கு விளக்கினார்.

"ஒண்ணு கரி மாதிரி கீது. லைட்டையே காட்டல. அது ரிஜெக்ட் பீஸு. வெச்சிட்டு வந்துட்டேன். இது பாரு, மரம் தெரியுது, தெரு தெரியுது, உங்கம்மா மூஞ்சிகூட பச்சையா தெரியுது."

எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தோம். உலகமே குளத்துக்கு அடியில் இருப்பது போல இருந்தது. வாசலுக்குப் போய் நான் சூரியனை ஒரு கணம் பார்த்தேன். பச்சையாக, வட்டமாக, அழகாகத்தான் இருந்தது. கண்ணுக்குள் ஒரு பொட்டு கொஞ்ச நேரம் மிதந்து மறைந்தது. எனக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. கண்ணாடியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு நொண்டி விளையாடப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் அவள் என் வாலைப் பிடித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டாள். நான் தெருப்பிள்ளைகளோடு சுதந்திரமாகத் திரிந்தேன். அவள் பின்நிலத்திலேயே இருந்தாள். ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தபோது பார்த்தேன்: சிமெண்டுக் குழாயின் மேல் ஏறி, கால்களை அகட்டி ஊன்றி, அந்தப் பச்சைக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. உச்சி வெயில்.

"இன்னாடி பண்ற?"

"ஒண்ணும் இல்ல. நீ போ."

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கண்ணாடியைப் பிடுங்கியிருக்கலாம். அம்மாவாவது எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு அந்தக் கோடையில் ஒரே சந்தோஷம், சின்னவள் சத்தம் போடுவதில்லை என்பதுதான். "இப்பத்தான் இவ ஒழுங்கா கீறா," என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. பத்து நாளில் அவளுடைய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒங்க பொண்ணுக்கு இந்த வயசுலயே இவ்ளோ திமிரு ஆவாதும்மா. கேள்வி கேட்டா மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்ல மாட்டேங்குறா. ஜன்னலப் பாக்குறா. போர்டுல எழுதினா எழுத மாட்டேங்குறா."

அம்மா அங்கேயே அவள் முதுகில் இரண்டு வைத்தாள். கண் சரியில்லையோ என்று யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அவள் ஓடினாள், பாண்டி ஆடினாள், பக்கவாட்டில் வருகிற சைக்கிளுக்கு ஒதுங்கினாள். கண் தெரியாத பிள்ளை இப்படி ஓடுமா? சோற்றில் இருக்கிற கறிவேப்பிலையைத் தள்ளாமல் தின்றபோது, "பரவால்ல, இப்பவாச்சும் புத்தி வந்துதே," என்றாள் அம்மா. கறிவேப்பிலை அவளுக்குத் தெரியவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அப்பாவுக்கு வார விடுமுறை. முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா தங்கைக்குத் தலை வாரிவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, பொட்டு வைக்க அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். நேருக்கு நேர் முகம். தங்கை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அம்மா, ஒனக்கு மூஞ்சி எங்கம்மா?"

அம்மாவின் கையிலிருந்த சாந்துப் புட்டி விழுந்து உருண்டது. "இன்னாடி சொல்ற?"

"சுத்தி முடி தெரியுது. தோடு தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்ல."

அப்பா பாதிச் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். இரண்டு விரலை நீட்டினார்.

"இது எத்தினி?"

அவள் முகத்தை முற்றத்து மாமரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, "ரெண்டு," என்றாள்.

"அங்க இன்னா பாக்குற? நேரா வெரலப் பாத்துச் சொல்லு!"

அவள் நேராகப் பார்த்தாள். கண்ணை இடுக்கினாள். "வெரலே இல்லப்பா."

மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற எங்கள் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். யாரும் கவனிக்காதபோது நான் பின்நிலத்துக்கு ஓடினேன். குடோன் மதிலில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், அடுப்புக்கரியால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். மதிலின் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. தன் வளையலை வைத்து வரைந்திருப்பாள் போல, எல்லாம் ஒரே அளவு. ஒன்றுகூடப் பெரிதாகவில்லை.

குழாய்க்குள் கிடந்த பச்சைக் கண்ணாடியை எடுத்துவந்து அப்பா கையில் கொடுத்தேன். "இதுல தெனம் சூரியனப் பாத்தாப்பா," என்றேன். அதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

மறுநாள் மெட்ராஸில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு நாலு பேரும் போனோம். அப்பா லீவு சொல்லக்கூட மறந்துவிட்டார். கண்ணில் மருந்து ஊற்றி, இருட்டறையில் உட்காரவைத்து, வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டர் ஒரு நடுவயது அம்மா. அப்பா நீட்டிய கண்ணாடியை வாங்கி, அதன் வழியே டியூப் லைட்டை ஒருமுறை பார்த்தார். உடனே அதைக் கீழே வைத்துவிட்டார்.

"இது காஸ் கட்டிங் பண்றவங்க போடறது. இதுல போயி சூரியனப் பாக்க விட்டீங்களா? வெல்டிங்குக்குக் கரி மாதிரி ஒண்ணு இருக்குமே? லைட்டக்கூடக் காட்டாதே, அதுலயே குழந்தைங்கள தனியா விடக் கூடாது."

அப்பாவின் உதடு அசைந்தது. "அது ரிஜெக்ட்னு நெனச்சிட்டேன் மேடம்."

டாக்டருக்கு அந்த வார்த்தை புரிந்ததோ என்னவோ. மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு கண்லயும் நடுப்பக்கம் வெந்துபோயிருக்கு. நேராப் பாக்கறதெல்லாம் அந்த எடத்துலதான் விழணும். ஓரமெல்லாம் நல்லா இருக்கு. அதனாலதான் சாய்ச்சி சாய்ச்சிப் பாக்கறா. எதப் பாக்கணுமோ அதவிட்டு வேற பக்கம் திரும்பினாத்தான் அவளுக்கு அது தெரியும்."

"ரீவொர்க் பண்ண முடியாதா மேடம்?" என்றார் அப்பா. கம்பெனியில் கீறல் விழுந்த கதவைத் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிப்பார்களே, அதற்குச் சொல்கிற வார்த்தை. வேறு வார்த்தை அவருக்கு வரவில்லை.

"முடியாதுங்க. வெந்தது வெந்ததுதான்."

அம்மா சுவரில் சாய்ந்தாள். டாக்டர் தங்கையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"ஏம்மா, கண்ணு வலிச்சிருக்குமே? அப்புறமும் ஏன் தெனமும் பாத்தே?"

தங்கை பயப்படவில்லை. செய்த வேலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"சூரியனுக்கு வயசாயிடுச்சு. எப்ப வேணா பெருசாவும். பெருசானா ஓடணும். எங்க அப்பா பகல்ல தூங்குவாரு, கதவுல துணி கட்டிகீது, அவர யாரும் எழுப்ப மாட்டாங்க. அதான் நான் பாத்துக்கினு இருந்தேன். பெருசாவ ஆரம்பிச்ச ஒடனே ஓடிப்போயி எழுப்பிடலாம்னு."

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. அடிபட்டவர்கள் போடுகிற சத்தம். நெற்றியை மேஜை விளிம்பில் முட்டிக்கொண்டார். அம்மா அவர் தோளைப் பிடித்து இழுத்தாள், முடியவில்லை. நான் அவருக்குப் பின்னால் எடை பார்க்கும் மெஷினை ஒட்டி நின்றிருந்தேன். அந்த இரும்பின் சில்லிப்பு முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். "சூரியன் எப்ப வேணா பெருசாகும்னு ஒனக்கு யாரும்மா சொன்னாங்க?"

தங்கை முகத்தைத் திருப்பினாள். என் பக்கம் இல்லை; என்னைவிட்டுக் கொஞ்சம் ஒதுக்கி, அறைக் கதவின் பக்கம் திருப்பினாள். அப்பா தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். டாக்டர்கூட யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லல," என்றாள்.